திறந்த ஏட்டுத் தேர்வும் துணைநூல் தெரிவும்

தோற்றுவாய்

தேர்வு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மாணாக்கர் உள்ளத்தில் எழுவது நினைவாற்றலைப் பற்றிய அச்சமே. கற்றவற்றையெல்லாம் நெஞ்சில் நிறுத்தி, வெறுங்கையோடு மண்டபத்துட் புகுந்து, குறித்த நேரத்துள் அவற்றைத் தாளில் இறக்கிவைத்து மீள்வதே நம் நாட்டில் நெடுங்காலமாகத் தேர்வு எனப்பட்டு வருகின்றது. இதற்கு மாறாக, வேண்டிய நூலைக் கையிற் கொண்டு சென்று, பார்த்து விடையெழுத இடமளிக்கும் தேர்வு முறையும் உலகில் உண்டு. அதனைத் திறந்த ஏட்டுத் தேர்வு என்பர். மின்பொறியியலாளர்க்கும் மின்னிணைப்புத் தொழிலாளர்க்கும் உரிமமோ தகைமைச் சான்றிதழோ வழங்கும் தேர்வுகள் பல இவ்வகையின.

நூலைப் பார்த்தெழுதும் தேர்வு எளிது என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையானது. நூலை மூடிவைத்த தேர்வில் அறியாமை உடனே வெளிப்பட்டுவிடும். திறந்துவைத்த தேர்விலோ, 'எங்கேனும் இருக்கும், தேடிப் பார்ப்போம்' என்ற நம்பிக்கை அறியாமையைச் சிறிது நேரம் மறைத்துவைத்து, நேரம் கடந்தபின் காட்டிக் கொடுக்கும். ஆதலின் இத்தேர்வுக்கு எந்நூலைக் கொள்வது, எந்நூலைத் தள்ளுவது, கொண்ட நூலை எங்ஙனம் பழகுவது என்பன தனியே ஆராயத்தக்க பொருள்களாகின்றன.

மல்லாவியும் மின்னொளியும்

மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில், துணுக்காய்ப் பிரதேசத்தில் அமைந்த மல்லாவி, வவுனிக்குளத்தின் அயலிலுள்ள ஒரு வேளாண்மைப் பட்டினம். இத்தகைய ஊரில் மின்பொறியியற் தேர்வைப் பற்றிப் பேசுவது எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். வினாவுக்குரிய விடை அவ்வூரின் அண்மைக்கால வரலாற்றிலேயே இருக்கின்றது.

போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலம் தேசிய மின்வழங்கலின்றி நெடுங்காலம் இருந்தது. போத்தலுட் திரியிட்ட சிறு விளக்கின் ஒளியிற் படித்தவர்களும், மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். 2008 ஆம் ஆண்டில் மல்லாவி மக்களும் துணுக்காய் மக்களும் இடம்பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டின் இறுதி முதல் படிப்படியாக மீளக் குடியமர்ந்தனர். அதன்பின்னர் மின்கம்பங்கள் வந்தன; வீடுகள் கட்டப்பட்டன; கிணறுதோறும் நீரிறைக்கும் மோட்டர் பொருத்தப்பட்டது. ஒரு தலைமுறைக்கு மேலாக மின்னிணைப்புத் தொழிலுக்குப் போதிய இடமில்லாதிருந்த நிலத்தில், சில ஆண்டுகளுள் ஆயிரக்கணக்கான இணைப்புக்கள் வேண்டப்பட்டன. தொழில் தெரிந்தவர் சிலர். தொழிலுக்கு வந்தவர் பலர். கையாற் கற்றுக்கொண்டோர் மிகுதி. விதிநூலைக் கண்ணாற் கண்டோர் குறைவு.

இன்று நிலை மாறி வருகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2013 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் பொறியியற் பீடம் நிறுவப்பட்டது. அதே நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றது. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசியத் தொழிற்றகைமை முறை, கைத்தொழில் கற்ற இளைஞனும் சான்றிதழ் பெற்று மேலேற வழி வகுத்துள்ளது. வன்னி இளைஞர் சிலர் பொறியியலாளராகவும், சிலர் மின்னிணைப்பாளராகவும், வேறு சிலர் இங்கிலாந்திலும் கனடாவிலும் உள்ள உறவினரிடம் சென்று அங்குள்ள உரிமத்தை நாடுவோராகவும் ஆகின்றனர். இம்மூவர்க்கும் விதிநூலோடு என்றேனும் ஒருநாள் முகங்கொள்ள நேரும். ஆதலின் இப்பொருள் மல்லாவிக்கு அயலானதன்று.

விதிநூலின் வரலாறு

மின்னிணைப்புத் தேர்வுகளில் திறந்துவைக்கப்படும் ஏடு பெரும்பாலும் விதிநூலே. அதன் பிறப்பு அச்சத்திலே தொடங்கியது. மின்விளக்கு வீடுகளுட் புகத் தொடங்கிய காலத்தில் தீ விபத்துப் பற்றிய கவலை எழுந்தது. அதனைத் தடுக்கும் நோக்குடன் 1882 ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்த தந்திப் பொறியியலாளர், மின்னியலாளர் சங்கம் சில பக்கங்களே கொண்ட விதித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அச்சங்கம் பின்னர் மின்பொறியியலாளர் நிறுவனம் ஆயிற்று; அதன் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தன. 1992 ஆம் ஆண்டில் பதினாறாம் பதிப்பு பி.எஸ். 7671 என்னும் பிரித்தானிய நியமமாக ஏற்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் பதினெட்டாம் பதிப்பு வந்தது. அதன் இரண்டாம் திருத்தம் 2022 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சில பக்கங்களாய்த் தொடங்கிய நூல் இன்று ஐந்நூறு பக்கங்களைக் கடந்து நிற்கின்றது. இலங்கையில் மின்னிணைப்புப் பணிகள் இந்நூல் வழியையே பெரிதும் தழுவுகின்றன.

அமெரிக்காவில் தேசிய மின் விதிநூலின் முதற் பதிப்பு 1897 ஆம் ஆண்டில் வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது புதுக்கப்படுகின்றது. கனடாவுக்கும் தனி விதிநூல் உண்டு. அதனைத் தழுவி மாகாணங்கள் தத்தமக்குரிய மாற்றங்களோடு சட்டமாக்கிக் கொள்கின்றன.

விதிநூல் வளர்ந்ததுபோலவே உரிமமும் வளர்ந்தது. பொறியியற் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என அமெரிக்காவில் முதன்முதற் சட்டமியற்றிய மாநிலம் வயோமிங். அது 1907 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இன்று அந்நாட்டில் மாநிலங்கள் யாவும் உரிமம் வழங்குகின்றன. தேர்வைப் பொறியியல், நில அளவைத் தேர்வாளர் தேசிய மன்றம் நடத்துகின்றது. இங்கிலாந்தில் மின்னிணைப்பாளர் பெறும் விதிநூற் சான்றிதழுக்கான தேர்வில் பி.எஸ். 7671 நூலைத் திறந்துவைத்து 60 வினாக்களுக்கு 120 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மின் ஒப்பந்தத் தொழில் நடத்துவோர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது 2007 முதல் நடைமுறை. அவ்வுரிமத்தின் பொருட்டு முதுநிலை மின்னிணைப்பாளர் எழுதும் தேர்வும் விதிநூலைப் பார்த்தெழுதும் தேர்வே.

ஏடு திறக்கப்பட்ட காரணம்

இத்தேர்வுகளில் ஏட்டைத் திறக்க இடமளித்தது மாணாக்கர் மீது கொண்ட இரக்கத்தாலன்று. ஒரு வடம் எத்தனை அம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும் என்பது அதன் பருமனையும், உறையின் வகையையும், அது செல்லும் வழியையும், சூழலின் வெப்பத்தையும், அயலிற் செல்லும் வடங்களின் தொகையையும் பொறுத்தது. இவையனைத்துக்கும் அட்டவணைகள் உள. அவற்றை மனப்பாடஞ் செய்தவன் திறமைசாலி அல்லன், ஆபத்தானவன். ஏனெனில் நினைவு தவறும்; தவறியது தெரியாமலே தவறும். பதிப்பு மாறும்போது நெஞ்சிலுள்ள எண் மாறாது. எனவே 'தெரிந்திருந்தாலும் பார்த்துச் செய்' என்னும் பழக்கத்தையே தொழில் வேண்டுகின்றது. தேர்வும் அப்பழக்கத்தையே சோதிக்கின்றது.

மருத்துவன் மருந்தின் அளவை நூலிற் சரிபார்ப்பது இழுக்கன்று. மின்னிணைப்பாளன் விதிநூலை விரிப்பதும் அத்தகையதே. வீட்டுக்காரர் முன்னிலையில் நூலை எடுத்துப் பார்ப்பது தொழிலறியாமையைக் காட்டும் என்று நாணுவோர் நம்மிடையே உளர். அந்நாணம் நீங்குதல் வேண்டும்.

காலக் கணக்கு

துணைநூல் தெரிவுக்கு முதலடி காலக் கணக்கு. இங்கிலாந்துத் தேர்வில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடம். அமெரிக்க மின்பொறியியற் தேர்வு தாளில் நடந்த காலத்தில், காலையில் 4 மணி நேரத்தில் 40 வினா, மாலையில் 4 மணி நேரத்தில் 40 வினா என, ஆக 8 மணி நேரத்தில் 80 வினா. ஒன்றுக்கு 6 நிமிடம். வினாவை வாசிக்க ஒரு நிமிடமும் கணக்கிட மூன்று நிமிடமும் ஆயின், நூலைத் தேட எஞ்சுவது இரண்டு நிமிடமே. ஒரு நூலிற் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகுமெனில், இரண்டு நூலைப் புரட்டலாம். மூன்றாவதைத் தொட நேரமில்லை.

அமெரிக்கத் தேர்வுக்குப் பயணப் பெட்டி நிறைய நூல்களைக் கொண்டு சென்றோர் பலர். ஏடுகள் கட்டப்பட்டிருத்தல் வேண்டும், தனித்தாள்கள் கூடா என்பன போன்ற கட்டுப்பாடுகள் இருந்தனவேயன்றி, நூல்களின் தொகைக்கு எல்லை இறுக்கமாக இருக்கவில்லை. எனினும் பெட்டியிலிருந்த நூல்களுள் மேசைமீது விரிக்கப்பட்டவை சிலவே. எஞ்சியவை மனத்துணிவுக்காகச் சுமக்கப்பட்டவை. பழகாத நூல் பாரமேயன்றித் துணையன்று.

நூலும் உரையும்

எவ்வகை நூல்கள் வேண்டும் என்பதை விளக்கத் தமிழ்மரபே ஒரு பாகுபாட்டைத் தருகின்றது. இலக்கண ஆசிரியர் நூற்பாவைச் சுருங்கச் செய்வர். அதன் கருத்தையும் சொற்பொருளையும் உதாரணத்தையும் சுருக்கமாய்த் தருவது காண்டிகையுரை. வேண்டுவனவெல்லாம் சேர்த்து விரித்துரைப்பது விருத்தியுரை. நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் எழுதிச் சிவஞான முனிவர் திருத்திய விருத்தியும் உண்டு. மாணாக்கர் பொருட்டு ஆறுமுக நாவலர் இயற்றிய காண்டிகையும் உண்டு. நூற்பாவை மட்டும் கற்றவன் பொருளறியான். விருத்தியை மட்டும் கற்றவன் நூற்பா எங்குள்ளதென அறியான்.

மின்னியலிலும் இவ்வாறே. விதிநூல் நூற்பாவைப் போன்றது, இறுக்கமானது, 'இதனைச் செய்க' என்று கூறுமேயன்றி 'ஏன்' என்று பெரும்பாலும் கூறாது. பி.எஸ். 7671 நூலோடு துணையாக வரும் களவழிகாட்டி காண்டிகை போன்றது; வழக்கமான வீட்டு வேலைக்கு வேண்டுவனவற்றைத் தொகுத்துத் தருவது. மின்பொறிகளையும் மின்வலுத் தொகுதிகளையும் பற்றிய பாடநூல்கள் விருத்தி போன்றவை. நம் நாட்டு மாணாக்கர் கையில் நெடுங்காலமாக இருந்து வரும் தெராஜாவின் மின் தொழினுட்ப நூலும், அமெரிக்கத் தேர்வாளர் பலர் விரும்பிய தியடோர் வில்டியின் மின்பொறி நூலும், ஸ்டீபன் சாப்மனின் நூலும் இவ்வகையின. நான்காவதாக ஒரு வகையும் உண்டு. அது தேர்வுக்கெனவே தொகுக்கப்பட்ட கையேடு. ஜோன் கமாராவின் மின்வலுக் கையேடு அதற்கு எடுத்துக்காட்டு. நூற்பாவுக்கும் உரைக்கும் இடையே நிற்கும் சொல்லடைவு போல, வாய்பாடுகளை ஓரிடத்திற் சேர்த்துத் தருவது அதன் பணி.

ஒவ்வொரு வகையிலும் ஒவ்வொன்று போதும். ஒரே வகையில் மூன்று நூல் கொள்வோன் ஒரே வாய்பாட்டை மூன்று குறியீட்டிற் கண்டு மயங்குவான்.

ஒரு கிணற்றின் கணக்கு

விதிநூலைப் பார்த்தெழுதுவதில் உள்ள இடர் யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மல்லாவியில் ஒரு வீடு. வீட்டிலுள்ள மின்பலகையிலிருந்து தோட்டக் கிணறு 60 மீற்றர் தொலைவில் உள்ளது. கிணற்றில் ஒற்றைக்கட்ட மோட்டர். மின்னழுத்தம் 230 வோற்று. முழுச் சுமையில் ஓட்டம் 10 அம்பியர். செப்பு வடத்தின் பருமன் யாது?

மாணாக்கன் ஓட்டந்தாங்கும் அட்டவணையை விரிக்கின்றான். 1.5 சதுர மில்லிமீற்றர் வடம் 10 அம்பியரைத் தாங்கும் எனக் காண்கின்றான். விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கின்றான். அவன் பார்த்த அட்டவணை சரியானது. வாசித்த எண்ணும் சரியானது. ஆயினும் விடை பிழையானது.

அவன் பாராதது மின்னழுத்த வீழ்ச்சி. 1.5 சதுர மில்லிமீற்றர் வடத்தில், ஓர் அம்பியருக்கு ஒரு மீற்றருக்கு 29 மில்லிவோற்று வீழ்ச்சி என்று நூல் கூறும். 29 ஐ 10 ஆலும் 60 ஆலும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 17.4 வோற்று வரும். அது 230 இல் ஏறத்தாழ 7.6 சதவீதம். விளக்குக்கு 3 சதவீதமும் பிற பாவனைக்கு 5 சதவீதமும் என்பதே நூல் காட்டும் எல்லை. 5 சதவீதம் என்பது 11.5 வோற்று. 2.5 சதுர மில்லிமீற்றர் வடத்துக்கு மேற்கூறிய எண் 18, வீழ்ச்சி 10.8 வோற்று, எல்லைக்கு மயிரிழை உள்ளே. 4 சதுர மில்லிமீற்றர் வடத்துக்கு எண் 11; வீழ்ச்சி 6.6 வோற்று. கிணறு 80 மீற்றர் தொலைவாயின் 2.5 வடத்தில் வீழ்ச்சி 14.4 வோற்றாகி எல்லை கடக்கும். அங்கே 4 வடமே வேண்டும்.

இவ்வெல்லை தாளில் மட்டும் உள்ளதன்று. மோட்டரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வருக்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் 7.6 சதவீதம் குறைந்தால் முறுக்குவிசை ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். மோட்டர் புறப்படும் கணத்தில் ஓட்டம் பன்மடங்காகும். வீழ்ச்சியும் அங்ஙனமே பெருகும். புறப்பட மாட்டாது முனகி நிற்கும் மோட்டர் சூடேறி எரியும். பயிர் வாடும் மாதத்தில் மோட்டர் எரிந்த வேளாளனுக்கு, வடத்தில் மிச்சம் பிடித்த சில ரூபாய் எவ்வாற்றானும் ஈடாகாது.

இன்னும் ஒன்று உண்டு. ஓட்டந்தாங்கும் அட்டவணை 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சூழலுக்கென வகுக்கப்பட்டது. வன்னியின் கோடையில், ஓட்டுக் கூரையின் கீழ், வெப்பம் அதனை எளிதிற் கடக்கும். 40 பாகையில், வழக்கமான பி.வீ.சி. உறையுள்ள வடத்தின் தாங்குதிறனை 0.87 ஆற் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அத்திருத்தக் காரணி வேறோர் அட்டவணையில் உள்ளது. எனவே ஒரு வினாவுக்கு மூன்று அட்டவணை. எவ்வெவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை எந்தச் சொல்லடைவும் கூறாது. அதனைக் கற்றவன் உள்ளமே கூற வேண்டும். திறந்த ஏட்டுத் தேர்வின் முழு உட்பொருளும் இதுவே.

நாட்டுக்கு நாடு

துணைநூல் தெரிவில் இரண்டாவது இடர், ஒரு நாட்டு நூலை இன்னொரு நாட்டுத் தேர்வுக்கோ தொழிலுக்கோ கொள்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்வழங்கல் 120, 240 வோற்று, 60 சுற்று. இலங்கையில் 230 வோற்று, 50 சுற்று. அங்கே வடத்தின் பருமனை இலக்கத்தாற் குறிப்பர். இலக்கம் கூடக் கூட வடம் மெலியும். 14 ஆம் இலக்க வடம் ஏறத்தாழ 2.08 சதுர மில்லிமீற்றர். 12 ஆம் இலக்க வடமோ 3.31. நம்மவர் பெரிய எண்ணைப் பெரிய வடமெனக் கொள்ளும் பழக்கத்தோடு அந்நூலை வாசித்தால் விளைவு யாதாகும் என்று கூற வேண்டியதில்லை.

அளவுகளிலும் ஆழமான வேறுபாடு புவித்தொடுப்பில் உள்ளது. அமெரிக்க முறையில் வீட்டின் புவிக்கம்பி, வழங்கல் நுழையும் இடத்தில் நடுநிலைக் கம்பியோடு பிணைக்கப்பட்டிருக்கும். பழுது நேரும்போது பேரோட்டம் உலோக வழியே மீண்டு சுற்றுடைப்பானை விரைந்து விடுவிக்கும். இலங்கையில் வீடுகள் பொதுவாகத் தம் வளவில் நாட்டிய புவிக்கோலையே நம்பியிருக்கின்றன. அக்கோலின் தடை 50 ஓம் எனக் கொள்வோம். உயிர்க்கம்பி மோட்டரின் உலோக உடலைத் தொட்டால் மண்ணூடு ஓடுவது 230 ஐ 50 ஆல் வகுத்த 4.6 அம்பியர். 16 அம்பியர்ச் சுற்றுடைப்பான் அதனைப் பழுதென்றே உணராது. மோட்டரின் உடலில் மின் ஏறி நிற்கும். ஈரக் காலோடு அதனைத் தொடுபவர் உயிரிழப்பர். இதனைத் தடுப்பது மக்கள் 'ட்ரிப் சுவிச்' என வழங்கும் கருவி. 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டிப்பது அது. புவித்தடையையும் அக்கசிவோட்டத்தையும் பெருக்கினால் 50 வோற்றைக் கடத்தலாகாது என்பது விதி. அதன்படி 1667 ஓம் வரை கணக்குப் பொருந்தும். எனினும் 200 ஓமுக்கு மேற்பட்ட தடை நிலையாக இராது என்று நூலே எச்சரிக்கின்றது. மண் வறளும் காலத்தில் தடை ஏறும் வரண்ட வலயத்துக்கு அவ்வெச்சரிக்கை மிகவும் உரியது.

ஆகவே கனடாவுக்குச் செல்ல விரும்பும் மாணாக்கன் கனடிய நூலையும், இங்கே தொழில் செய்வோன் பிரித்தானிய வழிவந்த நூலையும் கொள்க. உறவினர் அனுப்பிய நூல் என்ற ஒரே காரணத்தால் எந்நூலும் ஏற்றதாகிவிடாது. ஒரே நாட்டு நூலாயினும் பதிப்பு நோக்குதல் வேண்டும். தேர்வு எந்தப் பதிப்பைக் குறிக்கின்றதோ அதுவே நூல். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கும். கொள்கைகளைக் கற்க உதவும். இலக்கத்தை எடுத்தெழுத உதவாது.

தெரிவுக்குரிய நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நூலைத் தேடுமுன் பாடத்திட்டத்தைத் தேடுக. தேர்வு நடத்துவோர் எப்பகுதியிலிருந்து எத்தனை வினா என வெளியிடுவர். வினா மிகுந்த பகுதிக்கு நூல் முதலில். ஒரு வினாவே வரும் பகுதிக்கெனத் தனி நூல் வாங்குதல் வீண்.

இரண்டாவது, சொல்லடைவு நன்றாயுள்ள நூலைக் கொள்க. அரிய விளக்கமுடைய நூல் வீட்டிற் கற்கச் சிறந்தது. விரைவிற் பக்கம் காட்டும் நூலே மண்டபத்துக்குச் சிறந்தது. இவ்விரண்டும் ஒரே நூலில் அமைதல் அரிது.

மூன்றாவது, செய்த கணக்குகள் நிறைந்த ஒரு நூல் வேண்டும். வாய்பாட்டைக் காண்பது வேறு. அலகு மாறாமல் அதனைக் கையாள்வது வேறு. மூன்றுகட்டக் கணக்கில் மூன்றின் வருக்கமூலத்தை எங்கே பெருக்குவது, எங்கே விடுவது என்பதை ஐம்பது கணக்குச் செய்தவனே தடுமாற்றமின்றி அறிவான்.

நான்காவது, வாங்கிய நூலைப் பழகுக. தேர்வுக்கு முந்திய வாரம் வாங்கிய நூல் மண்டபத்துள் அந்நியனே. விதிநூலின் பகுதிகள் எம்முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்பது விரலுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். பி.எஸ். 7671 இல் பாதுகாப்பு நான்காம் பகுதி. குளியலறை போன்ற தனியிடங்கள் ஏழாம் பகுதி. வட அட்டவணைகள் நான்காம் பின்னிணைப்பு. இவ்வளவு தெரிந்தவன் சொல்லடைவைத் தேடும் நேரத்திற் பாதியை மிச்சம் பிடிப்பான்.

ஐந்தாவது, தன் கைப்பட ஒரு சுருக்கம் எழுதுக. எந்த வினாவுக்கு எந்த அட்டவணைகள் எந்த முறையிற் பார்க்கப்பட வேண்டும் என்பதே அதன் பொருளாதல் வேண்டும். அதனை மண்டபத்துட் கொண்டுசெல்லத் தேர்வுவிதி இடமளியாதாயினும் குறையில்லை. எழுதியவன் நெஞ்சில் அது பதிந்திருக்கும்.

ஆறாவது, தேர்வுவிதியைப் படிக்க. எந்த ஏடு கொண்டுவரலாம், குறிப்பெழுதிய பக்கம் ஏற்கப்படுமா, எக்கணிகருவிகள் அனுமதிக்கப்படும் என்பன முன்னரே வெளியிடப்படுபவை. அமெரிக்கத் தேர்வில் குறிப்பிட்ட சில கணிகருவிகளே ஏற்கப்படுகின்றன. கற்ற கல்வி முழுவதும் இருந்தும், பழகிய கருவி வாயிலில் தடுக்கப்பட்டதால் தளர்வது பரிதாபத்துக்குரியது.

ஏடே மாறிய காலம்

இவ்வாறெல்லாம் பெட்டி நிறைய நூல் தெரிந்தெடுத்த வழக்கத்தை அமெரிக்கா அண்மையில் முடிவுக்குக் கொண்டுவந்தது. மின்வலுப் பொறியியலுக்கான உரிமத் தேர்வு 2020 ஆம் ஆண்டின் இறுதியிற் கணினிக்கு மாற்றப்பட்டது. இப்போது தேர்வாளர் தம் நூலைக் கொண்டுசெல்ல முடியாது. மன்றமே தொகுத்த கையேடும், வேண்டிய விதிநூல்களும் கணினித் திரையில் அனைவர்க்கும் ஒருபடித்தாய் வழங்கப்படுகின்றன. வசதி படைத்தவன் நாற்பது நூலும் வறியவன் நான்கு நூலும் கொண்டுசென்ற வேறுபாடு இதனால் மறைந்தது. இஃது ஒரு நன்மை.

எனினும் துணைநூல் தெரிவு இதனாற் பயனற்றுப் போய்விடவில்லை. அதன் இடம் மட்டுமே மாறியுள்ளது. முன்னர் மண்டப மேசைக்கு நூல் தெரியப்பட்டது. இனி வீட்டு மேசைக்குத் தெரிய வேண்டும். மன்றத்தின் கையேடு யாவர்க்கும் கிடைப்பது. அதனைத் தேர்வுக்கு முன்னரே பெற்றுப் பழகலாம். திரையிற் சொல்லைத் தட்டித் தேடுவோன் சரியான சொல்லை அறிந்திருத்தல் வேண்டும். சொல்லறியாதான் தேடலும் அறியான். நம் மாணாக்கர் இவ்விடத்தில் ஒரு தடையை எதிர்கொள்கின்றனர். பாடசாலையில் நிலைமாற்றி, கொள்ளளவி, தூண்டி, தடை என நல்ல தமிழிற் கற்றவர், தேர்வு நூலில் அவற்றின் ஆங்கிலப் பெயரைச் சந்திக்கும்போது, அறிந்த பொருளையே அறியாதார் போல் மயங்குகின்றனர். தமிழிற் கற்றது குறையன்று. பொருள் தெளிந்தவனுக்கு இன்னொரு பெயரைக் கற்பது சில வாரத்து வேலை. தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அருகருகே எழுதிய சிறு குறிப்பேடு ஒன்றை ஒவ்வொரு மாணாக்கனும் உயர்தர வகுப்பிலேயே தொடங்குவானாயின், அதுவே அவனுக்கு முதற் துணைநூல் ஆகும்.

முடிவுரை

விலை ஒரு பெருந்தடையே. விதிநூலும் பாடநூலும் மல்லாவியிலுள்ள ஒரு குடும்பம் எளிதில் வாங்கத்தக்கன அல்ல. ஆயினும் பத்து மாணாக்கர் சேர்ந்து ஒரு விதிநூலும் ஒரு களவழிகாட்டியும் வாங்கிப் பாடசாலை நூலகத்தில் வைத்தல் இயலாததன்று. புலம்பெயர்ந்த பழைய மாணவர் தம் கல்லூரிக்கு நன்கொடை வழங்கும்போது, எந்நூல், எப்பதிப்பு என்று ஆசிரியரைக் கேட்டு அனுப்புவாராயின், அந்நன்கொடை பன்மடங்கு பயன்தரும். இரவு வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர் அந்நூலை மேசைமீது விரித்து, ஊரில் வயரிங் தொழில் செய்யும் இளைஞரையும் அழைத்து, ஒரு கிணற்றின் கணக்கைச் செய்து காட்டுவாராயின், அது தேர்வுக்கும் உதவும், ஊருக்கும் உதவும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது பழமொழி. அப்பழமொழி ஏட்டைப் பழிக்க எழுந்ததன்று. ஏட்டோடு நின்றுவிடும் கல்வியைப் பழிக்க எழுந்தது. மின்னியலில் ஏட்டை விடுத்துக் கைப்பழக்கத்தை மட்டும் நம்புதல் அதனினும் பெருந்தீங்கு. சுவருக்குள் மறைந்து செல்லும் வடம், மண்ணுக்குள் மறைந்து நிற்கும் புவிக்கோல் ஆகிய இரண்டும் பிழையைப் பல ஆண்டு ஒளித்துவைத்து ஒருநாள் வெளிப்படுத்தக் கூடியவை. அவ்வீட்டில் வாழ்வோர் இணைப்பாளனின் சான்றிதழைக் காண்பதில்லை. அவன் எந்த அட்டவணையைப் பார்த்தான் என்று கேட்பதுமில்லை. அவனை நம்பி உறங்குகின்றனர். தேர்வு மண்டபத்தில் ஏட்டைத் திறந்துவைக்க இடமளிப்பதன் நோக்கம், தேர்வு முடிந்தபின்னும் அவன் அதனை மூடிவிடாதிருத்தற் பொருட்டே எனலாம்.